கேமரன் மலையில் வாடகை வீடு: குளிரைச் சமாளித்து மின்கட்டணத்தையும் குறைக்கும் வழி

மலேசியாவில் கீழ்நாட்டு ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டுக்குக் குடிவந்தபோது, ஏர்கோன் தேவைப்படாத ஊராயிற்றே, கரண்டு பில் பாதியாகிவிடும் என்று நம்பி வந்தேன். மழைக்காலம் தொடங்கும் நேரம் அது. கடைவீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் இரண்டாம் மாடி. நான், மனைவி, பள்ளிக்குப் போகும் பையன், முட்டிவலியுள்ள அம்மா என நான்கு பேர். முதல் மாதம் 580 யூனிட் ஓடியது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 60 சென் வீதம் கணக்குப் போட்டு 348 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். வாடகையில் பாதி!

ஐந்து மாதம் கழித்து, அதே வீட்டில் அதே நான்கு பேருக்கு 290 யூனிட்தான் ஓடியது. பில் 64 வெள்ளிக்குள் வந்தது. யாரும் பச்சைத் தண்ணீரில் குளிக்கவில்லை, அம்மாவும் குளிரில் நடுங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ ஹோட்டலுக்கோ பள்ளிக்கோ வேலைக்கு வந்து, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்யுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு ஹீட்டர் வாங்க ஓடாதீர்கள். பணத்தில் பாதி அந்த இரண்டு படிகளைக் கவனிக்காததால்தான் போகிறது.

1. முன்பணம் கொடுக்கும் முன் பழைய பில்லைக் கேளுங்கள்

வீடு பார்க்கப் போகும்போது சுவரையும் ஜன்னலையும் பார்ப்பதோடு மீட்டரையும் பாருங்கள். மூன்று விஷயம் தெரியவேண்டும்.

முதலாவது, அந்த வீட்டுக்கென்று தனி டி.என்.பி (மின்விநியோக நிறுவனம்) மீட்டர் இருக்கிறதா? கீழே உள்ள கடையிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வயர் இழுத்து, நடுவில் ஒரு சின்ன மீட்டரை வைத்திருந்தால் கணக்கு உங்கள் கைக்கு வராது. இரண்டு மூன்று வீட்டின் யூனிட்டெல்லாம் ஒரே பில்லில் சேரும்போது யூனிட் விலையும் ஏறிவிடும். எப்படி என்பதை 3-ஆம் படியில் சொல்கிறேன்.

இரண்டாவது, பழைய பில்லில் தாரிஃப் (கட்டண வகை) என்ற வரியில் டொமெஸ்டிக் (வீட்டு உபயோகம்) என்று இருக்கவேண்டும். கடைவீட்டு மாடிகளில் பலருக்கு இது தெரிவதில்லை. கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் கட்டடங்களில் மாடிக்கும் வணிகக் கட்டணமே போட்டிருக்கலாம். அப்படியானால் வீட்டுப் பயனீட்டாளருக்கான கழிவு (தள்ளுபடி) கிடைக்காது. குடியிருக்க மட்டுமே பயன்படும் இடம் என்று காட்டி வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் அது வீட்டுக்காரர் ஒத்துழைத்தால்தான் நடக்கும். மாற்றித் தருகிறேன் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வாட்டர் ஹீட்டர் என்ன வகை? தண்ணீர் ஓடும்போதே சுடவைக்கும் சின்னப் பெட்டியா, மேலே தொங்கும் தொட்டியா? பழுதானால் யார் செலவு? இந்த ஊரில் வாட்டர் ஹீட்டர் இல்லாமல் இருக்கமுடியாது. அது கெட்டுப்போய் வீட்டுக்காரர் இழுத்தடித்தால் ஒரு வாரத்துக்குக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கவேண்டி வரும். நாங்கள் அப்படிக் குளித்திருக்கிறோம்.

2. மின் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

"தம்பி, மீட்டர் என் பேர்லயே இருக்கட்டும், மாசா மாசம் எனக்குக் காசு குடுத்தா போதும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். வேலை மிச்சம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். பில்லை என் கண்ணில் காட்டவே இல்லை. மூன்றாவது மாதம் நான் விடாமல் கேட்டபோதுதான் முதல் மாதத்து பில்லைக் கொண்டுவந்தார். அந்த 580 யூனிட்டுக்குக் கட்டணம் 205 வெள்ளி, மேலே ஒரு சின்ன வரி. நான் கொடுத்தது 348.

கணக்கை மாற்றத் தேவையானவை இவ்வளவுதான்:

- உங்கள் ஐ.சி (அடையாள அட்டை) நகல்
- முத்திரைத் தீர்வை செலுத்திய வாடகை ஒப்பந்தம்
- பழைய பில், அல்லது அதிலுள்ள கணக்கு எண்
- நீங்கள் சாவி வாங்கிய நாளன்று எடுத்த மீட்டர் படம்

ஒப்பந்தத்துக்கு முத்திரை குத்துவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஓராண்டு வரையிலான ஒப்பந்தமென்றால், ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி தீர்வை. மாத வாடகை 700 என்றால் ஆண்டுக்கு 8,400, தீர்வை 34 வெள்ளி. இரண்டாவது நகலுக்கு 10 வெள்ளி. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது, 2025 முதல் அது இல்லை. பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் கட்டவேண்டும், தாமதித்தால் அபராதம் விழும். வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டிவிடலாம்.

அப்புறம் மைடிஎன்பி தளத்திலோ செயலியிலோ, இல்லையென்றால் டி.என்.பியின் சேவை மையமான கெடாய் தெனாகாவுக்கு நேரில் போயோ விண்ணப்பிக்கலாம். விநியோக ஒப்பந்தத்துக்கு 10 வெள்ளி முத்திரை. அதோடு வைப்புத்தொகை கட்டவேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதப் பயன்பாட்டுக்கு ஈடாக மதிப்பிடுவார்கள். எனக்கு 120 வெள்ளி வந்தது. இது செலவு ஆகாது, வீட்டைக் காலி செய்யும்போது கடைசி பில்லைக் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். என் விண்ணப்பம் முடிய மூன்று வேலை நாள் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை. பழைய கணக்கில் பாக்கி இருந்தால் மாற்றம் சிக்கலாகும். விண்ணப்பிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கடைசி பில் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அவர் உங்களிடம் இரண்டு மாத முன்பணம் கூச்சப்படாமல்தானே கேட்டார்!

3. யூனிட் விலை எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2025 ஜூலை 1 முதல் வீட்டுக் கட்டணத்தின் கணக்கு மாறிவிட்டது. எரிசக்திக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55 சென், கம்பித்தடத்துக்கு 12.85 சென். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். பார்த்தால் அதிகம்தான். ஆனால் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கழிவு உண்டு. பில்லில் இன்சென்டிஃப் செக்காப் தெனாகா என்று இருக்கும். மாதப் பயன்பாடு 200 யூனிட் வரை என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிப்பார்கள். 201 முதல் 250 வரை 24.5 சென், 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17, 450 வரை 14.5, 500 வரை 12, 550 வரை 10.5, 600 வரை 9.

இதை நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கழிவு குறையும் என்று நினைத்தேன். அப்படியில்லை. மாத முடிவில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்களோ அந்தப் படியின் கழிவுதான் மொத்த யூனிட்டுக்கும். 350 யூனிட்டுக்குக் கட்டணம் 82 வெள்ளி. 351 ஆனால் 96 வெள்ளி 28 சென். ஒரு யூனிட் கூடியதற்கு 14 வெள்ளி!

அதனால்தான் எங்கள் வீட்டில் யூனிட் பாதியானபோது பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 300 யூனிட்டைத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 சதவீதம் சேரும். 600-ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், எரிபொருள் விலை மாற்றத்துக்கான தொகை, 8 சதவீத சேவை வரி எல்லாம் வரிசையாக வந்து உட்காரும்.

நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 350-க்குள் நிற்பது இந்தக் குளிரிலும் முடிகிற காரியம். பில் தேதி ஓரிரு நாள் முன்பின்னாக விழலாம் என்பதால், நான் நாளுக்கு 10 முதல் 11 யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

4. ஒரு வாரம் மீட்டரைப் படியுங்கள்

ஸ்மார்ட் மீட்டர் என்றால் செயலியில் தினசரிக் கணக்கு தெரியும். பழைய மீட்டர் என்றால் இரவு படுக்கும் முன்னும் காலை எழுந்ததும் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டி தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம், பிறகு ஒவ்வொரு சாதனமாகப் போட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கணக்கு எளிதானது: 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

எங்கள் வீட்டில் நாளுக்கு 19 யூனிட் ஓடியது. எழுதிப் பார்த்ததில் குளியல் 5, அம்மா அறை ஹீட்டர் 6, துணி காயவைத்த ஹீட்டர் மூன்றரை. விளக்கு, டிவி, குளிர்சாதனப் பெட்டி, சோற்றுப் பானை, கெட்டில் எல்லாம் சேர்த்தே நாலரைதான். அதுவரை நான் பையனை "லைட்ட அணைடா, லைட்ட அணைடா" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். எல்.இ.டி விளக்கு 9 வாட். ஹீட்டர் 2,000 வாட்.

5. குளிக்கும் வெந்நீர்

காலை 6 மணிக்குக் குழாய்த் தண்ணீரில் சமையல் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 18 டிகிரி. உடம்புக்கு இதமாக இருக்க 38 டிகிரியாவது வேண்டும். கீழ்நாட்டில் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏற்றினால் போதும். இங்கே இருபது டிகிரி ஏற்றவேண்டும். அதனால்தான் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் "ஹீட்டர் சரியில்லை, தண்ணி சுடவே இல்லை" என்கிறார்கள்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது 3.6 கிலோவாட் அளவுள்ள உடனடி ஹீட்டர். அதன் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 13 டிகிரிதான் ஏற்றும். 3 லிட்டராகக் குறைத்தால் 17 டிகிரி. ஆகவே சூடு போதவில்லை என்றால் முதலில் செய்யவேண்டியது, ஹீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீர்த் திருகை மெல்ல மூடுவது. ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள், ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு நிரம்புவதற்குச் சற்றுக் குறைவாக வந்தால் அதுதான் அளவு. பெரிய ஹீட்டர் மாற்றவேண்டும் என்று ஒரு கடையில் எனக்கு 600 வெள்ளிக்கு விலை சொன்னார்கள். திருகை அரைச் சுற்று மூடியதில் அந்தச் செலவு மிச்சமாயிற்று. ஷவர் தலையின் துளைகளில் அடைத்திருக்கும் மண்ணையும் ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். குறைந்த நீரிலும் தூவல் நன்றாக விழும்.

அடுத்தது நேரம். பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். நான்கு பேர், நாளுக்கு இரண்டு குளியல் என்றால் 4.8 யூனிட், மாதத்துக்கு 144. குளியலுக்கு மட்டும் இவ்வளவு! சோப்புப் போடும்போது நிறுத்துங்கள். குளிருதே என்றால் வாளி முறைக்கு மாறுங்கள். சூடான தண்ணீரை 15 லிட்டர் வாளியில் பிடித்து, கதவை மூடி, குவளையால் மொண்டு குளித்தால் 0.4 யூனிட்டுக்குள் முடியும். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. வாளியில் குளிக்கும்போது தண்ணீர் தலையில் விழுந்துகொண்டே இருக்காதே, குளிராதா என்று மனைவி கேட்டார். முதல் மொண்டலைக் காலில் ஊற்றுங்கள், பிறகு தோளில், கடைசியில் தலையில். சின்னக் குளியலறையில் ஆவி நின்று இதமாகவே இருக்கும். அம்மாவும் பையனும் வாளிக்கு மாறினார்கள், நாங்கள் இருவரும் ஷவரில் ஐந்து நிமிடம். குளியல் 3 யூனிட்டுக்கு இறங்கியது.

தொட்டி ஹீட்டர் உள்ள வீடு என்றால் வேறு வழி. 25 லிட்டர் தொட்டியை 1,500 வாட் கம்பி 18-லிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். குளிப்பதற்கு அரை மணி முன் போடுங்கள், எல்லாரும் அடுத்தடுத்துக் குளியுங்கள், கடைசி ஆள் நிறுத்திவிட்டு வரவேண்டும். நாள் முழுக்கப் போட்டே வைத்திருந்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் தொட்டி ஆறும், திரும்பச் சுடும், திரும்ப ஆறும். இந்தக் குளிரில் அது இன்னும் வேகமாக ஆறும்.

வாளிக்குள் போடும் வெந்நீர்க் கம்பியை மட்டும் வாங்காதீர்கள். மின்சாரமும் மிச்சமாகாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்து.

6. அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குங்கள்

நான் வந்த முதல் வாரமே 2,000 வாட் காற்று ஹீட்டர் ஒன்று வாங்கினேன். அம்மா ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்காருவார். "முன்னால சுடுது, முதுகு குளிருதுடா" என்பார். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் அறை பழையபடி ஜில்லென்றாகிவிடும். காரணம் பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னல்.

நம் நாட்டு வீடுகள் காற்று உள்ளே வரவேண்டும் என்று கட்டியவை. மலைக்கு மேலேயும் அதே நாக்கோ கண்ணாடிகள்தான். மூடினாலும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் இடையில் விரல் நகம் நுழையும் சந்து இருக்கும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. எங்கள் அறையில் ஒரே ஜன்னலில் ஆறு இடத்தில் புகை வளைந்தது. கதவுக்குக் கீழே புகை அப்படியே படுத்துவிட்டது.

வாடகை வீடு, எதையும் உடைக்கவோ ஒட்டவோ முடியாது. நாங்கள் செய்தது இவ்வளவுதான். படுக்கை அறை ஜன்னலுக்கு உள்பக்கமாகத் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் விரிப்பை வெல்க்ரோ பட்டையால் பொருத்தினோம், காலி செய்யும்போது உரித்துவிடலாம். அதன் மேல் தரையைத் தொடும் கனமான திரைச்சீலை. கதவடிக்குப் பழைய துண்டைச் சுருட்டித் தைத்த உருளை. சிமெண்டுத் தரையில் கட்டிலைச் சுற்றி பாய், அதன் மேல் கம்பளம். எல்லாம் சேர்த்து 90 வெள்ளி. பகலில் வெயில் வரும்போது எல்லாவற்றையும் விலக்கி இரண்டு மணி நேரம் காற்று விடவேண்டும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். கேஸ் அடுப்போ கேஸ் வாட்டர் ஹீட்டரோ இருக்கும் இடத்தில் காற்றுத் துளை ஒன்றையும் அடைக்கக்கூடாது. இரவில் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திப் படுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கரிப்புகையில் வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அதன் பிறகு ஹீட்டரை மூட்டைகட்டிவிட்டு, மெத்தைக்கு மேல் விரிக்கும் மின்கம்பளம் ஒன்றை அம்மாவுக்கு வாங்கினேன். 130 வெள்ளி, 80 வாட். படுப்பதற்கு அரை மணி முன் போட்டால் படுக்கை இதமாகிவிடும். படுத்ததும் குறைந்த சூட்டுக்கு மாற்றிவிடுவோம். இரவு முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டுவதில்லை. ஹீட்டர் தின்றது 6 யூனிட். முதல் நாள் காலை, "முட்டி இன்னிக்கு மடங்குது பாரு" என்று அம்மா காலை மடக்கிக் காட்டினார். அன்றே எனக்கு இந்தச் செலவு வசூலாகிவிட்டது.

மின்கம்பளம் இங்கே கடைகளில் எளிதில் கிடைக்காது, இணையத்தில்தான் வாங்கவேண்டும். மூன்று முள் பிளக்கும் சிரிம் (தரச்சான்று) முத்திரையும் இருக்கிறதா, தானாக நிற்கும் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். மடித்து வைக்கக்கூடாது, உள்ளே கம்பி முறியும். கைக்குழந்தைக்கும், சூடு தெரியாத அளவுக்குக் கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர்களுக்கும் இது வேண்டாம். அவர்களுக்குக் கம்பளிக் காலுறையும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் படுக்கும் முன் படுக்கையில் வைத்து எடுப்பதும் போதும்.

7. துணி காய்வது

மழை மாதங்களில் பள்ளிச் சீருடை மூன்று நாளானாலும் காயாது, ஈர வாடை வேறு. இந்த ஊரில் ஹீட்டர் வாங்குகிறவர்களில் பலர் துணிக்காகத்தான் வாங்குகிறார்கள். மூடிய அறையில் ஹீட்டரை வைத்தால் துணியிலிருந்து போகும் ஈரம் சுவரில் ஏறும், அவ்வளவுதான். முதலில், இயந்திரத்தில் பிழிதலை மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். அதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம், துணியிலிருந்து வடியும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு ஒரு சின்ன அறையில் துணியை இடம்விட்டுத் தொங்கவிட்டு, ஈரம் உறிஞ்சும் கருவியை வைத்துக் கதவை மூடுங்கள். எங்களுடையது 250 வாட், 420 வெள்ளி. ஐந்து மணி நேரத்தில் ஒன்றேகால் யூனிட், சீருடை காலையில் இஸ்திரிக்குத் தயார். அவ்வளவு பணம் போட முடியாவிட்டால் மேசை விசிறி போதும், ஒரு இரவு கூடுதலாக ஆகும்.

8. சமையலறை

கேஸ்தான் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். 14 கிலோ சிலிண்டருக்கு உதவித்தொகை விலை 26 வெள்ளி 60 சென், மேலே கொண்டுவந்து கொடுக்கும் கூலி தனி. அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்துக்கு வெளியே போய்விடும் என்பதைக் கணக்கில் எடுத்தால், பாத்திரத்துக்குள் போகும் ஒரு யூனிட் சூட்டுக்குச் சுமார் 30 சென் ஆகிறது. நீங்கள் 350 யூனிட்டுக்குள் நின்றால் மின்சாரம் யூனிட்டுக்கு 24 சென்னுக்கும் குறைவு. ஆகவே டீத்தண்ணிக்குக் கெட்டில் தாராளமாக ஓடட்டும். ஆனால் வேண்டிய அளவு மட்டும் ஊற்றுங்கள். 350 யூனிட்டைத் தாண்டிவிடுவீர்கள் போலிருந்தால் மாதக் கடைசியில் கேஸுக்கு மாறுங்கள்.

எந்நேரமும் சூடாக வைத்திருக்கும் தெர்மோபாட்டை நிறுத்துங்கள். நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் அதிலேயே போகும். கெட்டிலில் கொதிக்கவைத்து நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் ராத்திரி வரை சூடு நிற்கும்.

9. வயரிங்

பழைய கடைவீடுகளில் இதை விடாதீர்கள். 13 ஆம்பியர் பிளக் சுமார் 3,000 வாட்தான் தாங்கும். ஹீட்டரை நேராகச் சுவர்ப் பிளக்கில் சொருகுங்கள். நீட்டிப்பு வயரில் ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துச் சொருகி, எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டில் பிளக் உருகிக் கருகியது. வாட்டர் ஹீட்டருக்குத் தனி வயரும் தனி சுவிட்சும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.டியும் இருக்கவேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சட்டென்று விழவில்லை என்றால் அன்று அதில் குளிக்காதீர்கள். சரிசெய்ய, சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிடவேண்டும், செலவு வீட்டுக்காரருடையது. இதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

10. பில் வந்த பிறகு

பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் 1 சதவீதம் கூடும். மிகவும் வறிய குடும்பம் என்று அரசின் வறியோர் பதிவேடான இ-காசேவில் பதிவானவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு உண்டு. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற, தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர் இதைக் கேட்டதே இல்லை. உங்கள் வரிசையில் அப்படி யாராவது இருந்தால் நீங்களே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேரவாரிக் கட்டணத்துக்கும் மாறலாம். வேலை நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம், மற்ற நேரமும் வார இறுதியும் யூனிட்டுக்குச் சுமார் 4 சென் குறைவு. விடியற்காலைக் குளியலும் இரவுக் கம்பளமும் குறைந்த நேரத்தில்தான் வருகின்றன. ஆனால் சமையலும் மாலைக் குளியலும் உச்ச நேரத்தில் விழும். மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சம் சில வெள்ளிதான்.

வீட்டைக் காலி செய்யும்போது, போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கணக்கை மூட விண்ணப்பியுங்கள். சாவி கொடுக்கும் நாளில் தேதி தெரிகிற மாதிரி மீட்டரைப் படம் எடுங்கள். வைப்புத்தொகை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்கு எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள். வெல்க்ரோ பட்டையை ஜன்னலிலிருந்து உரிக்கும் முன் வெந்நீரில் நனைத்த துணியால் ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள், சுண்ணாம்பு பெயராமல் வரும்.